பேச்சியம்மாளின் வாய்க்கொழுப்பு

கீழப்பொழில் பேரூராட்சித் தலைவர் கொம்பையாவின் உடம்பிலிருந்து உருகிக் குதிகால் வழியாக இறங்கிய கொழுப்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, டேனியல் மாஸ்டர் ஜிம்மில், ஒரு அலுமினியத் தாம்பாளத்தில் நெய் போல உறைந்து வெளுத்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏய், நான் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டது. குரல் சாட்சாத் கொம்பையாவின் குரல். பஸ் ஸ்டாண்டில் அந்தக் குரல் கேட்டால் டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பாரே, அதே அதட்டல், அதே இழுவை. கொம்பையாவோ துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாம்பாளத்தின் முன்னால் குனிந்து, "தெரியலீங்களேய்யா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று கும்பிட்டபடி நின்றார்.

ஊர் ஆச்சரியப்பட்டதா என்றால் அதுதான் இல்லை. அந்த ஊரில் அரிசி, பருப்புக்கு அடுத்தபடி அதிகம் புழங்கிய சரக்கு கொழுப்பு என்ற சொல்தான். கூப்பிட்ட விசேஷத்துக்கு வராதவனுக்குக் கொழுப்பு, வந்தவன் சாப்பிடாமல் போனால் அவனுக்கு இன்னும் கொழுப்பு, பஸ்ஸில் ஜன்னல் சீட் கேட்ட பிள்ளைக்குக் கொழுப்பு, மழையில் நனைந்து தும்மினால்கூட உனக்குக் கொழுப்புடா என்று சொல்லித்தான் தலை துவட்டிவிடுவார்கள். மனிதருக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது இப்போது தாம்பாளத்தில் தனியாக உட்கார்ந்து பேசுகிறது, அவ்வளவுதானே. "இத்தன வருசமா இதுதான் நம்மள ஏசிக்கிட்டிருந்துச்சா? நான் சேர்மன்தான் ஏசுறாருன்னு அந்த மனுசனப் போயிக் கரிச்சுக் கொட்டிட்டேனே" என்று டீக்கடைக்காரர் ரொம்பவும் வருத்தப்பட்டார்.

எங்கே வைப்பது என்பதுதான் ஊருக்கு முளைத்த ஒரே பிரச்சினை. சாக்கடையில் கொட்டலாம் என்றால், சேர்மன் கொழுப்பில் கை வைக்க எந்தத் துப்புரவு மேஸ்திரிக்குத் துணிச்சல் வரும்? கோயிலில் விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். திரி ஜோராகத்தான் எரிந்தது. ஆனால் தீபாராதனை நேரத்தில், "மொத மரியாத எனக்குத்தான், பரிவட்டத்த இங்கிட்டுக் கொண்டா" என்று விளக்கு சத்தம் போட்டதில் பூசாரி மணியைத் தவறவிட்டார். கடைசியில் பாத்திரக்கடைத் தவசிதான் வழி சொன்னார்: எவர்சில்வர் தூக்கில் அடைத்து, கல்யாணத்துக்குக் கொடுக்கிற பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி இதிலும் பேர் வெட்டிவிட்டால், எந்தக் கொழுப்பு யாருடையது என்ற குழப்பமே வராது.

அப்புறம் கேட்க வேண்டுமா? ரிடையரான ஹெட்மாஸ்டர் வந்தார், ரைஸ்மில்காரர் வந்தார், சொந்தபந்தத்தில் எல்லோரையும் கோர்ட்டுக்கு இழுத்த வக்கீல் குமாஸ்தா வந்தார், எல்லோரும் உருகினார்கள். ஜிம்மின் சுவரோரப் பலகையில் பேர் வெட்டிய தூக்குகள் வரிசை கட்டி நின்று, ஒன்று "ஒரு போன் போட்டாப் போதும்" என்றும், ஒன்று "நாங்கள்ளாம் அந்தக் காலத்துல" என்றும், ஒன்று "நம்ம கிட்ட இல்லாததா" என்றும் விடிந்ததிலிருந்து இரைந்துகொண்டிருந்தன. தூக்குகளின் சொந்தக்காரர்கள் தெருவில் நாய் குறுக்கே வந்தாலும் வழிவிட்டு, எது கேட்டாலும் ஆமாம் போட்டார்கள். அது வேலைக்கு ஆகவில்லை. வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் ஒரே குழாயைத் தருவதாகக் கொம்பையா ஒப்புக்கொண்டுவிட்டதால், பேரூராட்சிக் கூட்டத்தில் அவர் தூக்கை நாற்காலியில் ஏற்றி வைத்து, அவரைக் கீழே ஓரமாக உட்காரவைத்துக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நிர்வாகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஆனால் அவசரக்காரப் பயல்களின் ஊர் அது. மூன்று மாதத்தில் போக வேண்டியது மூன்று வாரத்தில் போக வேண்டும் என்று வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, பச்சைத் தண்ணீரும் வெள்ளரிக்காயுமாகக் கிடந்தார்கள். கொழுப்போடு சேர்ந்து சதையும் போயிற்று. தொடை போயிற்று, தோள் போயிற்று, போகிற போக்கில் நாக்கும் சூம்பிற்று. சூம்பின நாக்கு மடங்காது, மடங்காத நாக்குக்கு ழ வராது. இது பெரிய அசம்பாவிதமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் போர்டில் கீழப்பொழில் என்று எழுதிவைத்துவிட்டுப் பரம்பரை பரம்பரையாகக் கீளப்பொளி என்றே சொல்லிவந்த ஊருக்கு, போன ழ இருந்ததா இல்லையா என்பதே தெரியவில்லை. வாளப்பளம் எப்போதும் போல வாளப்பளமாகவே விற்றது.

தெரிந்தவள் ஒருத்திதான். அவள் தவசியின் சம்சாரம் பேச்சியம்மாள்.

பேச்சிக்கு ழ வரும். சும்மா சொல்லக்கூடாது, சுத்தமாக வரும். பெற்ற மகளுக்கு அடம்பிடித்து யாழினி என்று பேர் வைத்தவள் அவள்; புருஷனும் ஊரும் யாளினி என்று கூப்பிட, அந்தப் பிள்ளையை அதன் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே வாய் அவள் வாய். ரேஷன் கடையில் எடை குறைந்தால் அந்த வாய் கேட்கும், டவுன் பஸ் நிற்காமல் போனால் அந்த வாய் துரத்தும், பந்தியில் பெண்களைக் கடைசிக்குத் தள்ளினால் அந்த வாய் பந்தலையே அதிர வைக்கும். ஊர் அதற்கு வைத்திருந்த பேர் வாய்க்கொழுப்பு. ஆம்பளைக்குக் கொழுப்பு வயிற்றில், கழுத்தில், பணத்தில் என்று எங்கெங்கோ இருக்கலாம். பொம்பளைக்கு எங்கே என்று கேட்டால் ஊரே சேர்ந்து ஒரே இடத்தைத்தான் காட்டும்.

அந்த வாய்க்கு இப்போது ஒரு வேலை வந்திருந்தது. யாழினி ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, மதுரைக் காலேஜில் அவளுக்கு இடமும் கிடைத்திருந்தது. தவசியின் அக்கா செல்லக்கனியோ, தன் மகன் குபேந்திரனுக்கு யாழினியைக் கட்டிவைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். குபேந்திரன் செல்போன் கடை ஓனர். கடை என்றைக்குத் திறக்கும் என்பது மட்டும் அவனுக்கே தெரியாது. தவசி அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். ஆனால் கீழப்பொழிலில் ஒரு வழக்கம் உண்டு: நிச்சயத் தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண்ணைப் பெற்றவள் சபையில் வாய் திறந்து "சம்மதம்" சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் தட்டு கை மாறாது. எந்தப் புண்ணியவதி வைத்த வழக்கமோ, நன்றாக இருக்கட்டும். அந்த ஒரு சொல்லைப் பேச்சி சொல்லமாட்டேன் என்றாள்.

"எம் மகளப் படிக்க வைக்கணும் மதினி. உங்க மகனுக்கு வேற எடம் பாருங்க" என்றாள்.

"முறைப்பையன் இருக்கையில படிப்பு என்னத்தா படிப்பு? ஒனக்கு வாய்க்கொளுப்பு" என்றாள் செல்லக்கனி. சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே பொறி தட்டியது. கொழுப்புதானே? உருக்கிவிட்டால் போகிறது!

பேச்சிக்கும் மூட்டுவலி. எடையைக் குறைக்காவிட்டால் மாடிப்படி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவளும் மறுக்கவில்லை. செல்லக்கனியே ஒரு புதுத் தூக்கில் "பேச்சியம்மாள்" என்று பேர் வெட்டி வாங்கிவந்து, ஜிம்மின் லேடீஸ் பேட்சில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தினமும் உருகி இறங்குவதைச் சூடு ஆறுவதற்குள் தூக்கில் ஊற்றி, மூடியைச் சுற்றி மைதாப் பசை தடவித் துணி கட்டித் தன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள். "அவ கொளுப்பு ஒறஞ்சு பேச ஆரம்பிச்சா இந்தத் தெரு தாங்காதும்மா" என்பாள். இரண்டு கட்டளையும் போட்டாள்: தட்டு மாற்றுகிற நாள் வரைக்கும் பேச்சி கஞ்சித்தண்ணீரைத் தவிர எதையும் தொடக்கூடாது, வீட்டில் அநாவசியமாக வாய் திறக்கவும் கூடாது. மீறினால் காலேஜ் பேச்சையே எடுக்கவிடமாட்டேன் என்று தம்பியின் தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

தவசியும் ஒரு மரியாதைக்கு ஜிம்முக்குப் போய்ப் பார்த்தார். ஒரு கரண்டிதான் இறங்கியது. அது "ரசத்துல உப்பில்ல" என்று ஒருதரம் சொல்லிவிட்டு அடங்கிவிட்டது.

பேச்சி இளைத்தாள். மூட்டு வலி குறைந்தது, ஜாக்கெட் தொளதொளத்தது. செல்லக்கனி தூக்கைக் கையில் தூக்கிப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அப்படியிருக்க ஒரு சாயங்காலம், மாடியில் துணி எடுக்கப் போன மகளைப் பேச்சி கீழிருந்து கூப்பிட்டாள்.

"யாளினி!"

பிள்ளை துணியைப் போட்டுவிட்டுப் படியில் ஓடிவந்தது. "அம்மா, என்னைய என்னன்னு கூப்பிட்ட?"

பேச்சி மறுபடி சொல்லிப் பார்த்தாள். யாளினி. வாளைப்பளம். கீளப்பொளில். நாக்கு கஞ்சியில் ஊறிய துணி போல வாய்க்குள் கிடந்தது, மடங்க மாட்டேன் என்றது. ஐயோ, மதினி பூட்டி வைத்திருக்கிற தூக்குக்குள்தான் என் வாய் முழுக்கப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறதா, நிச்சயத்தன்று சபையில் நின்று என் பிள்ளைக்காக ஒரு வார்த்தை சொல்ல நாக்கில் தெம்பு இல்லாமல் தலையாட்டிவிடுவேனா என்று, மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளையும் அழுதது.

மறுநாள் காலை டேனியல் மாஸ்டரிடம் போய் நின்றாள். இந்த மாஸ்டர் ஒரு தனிப் பிறவி. இறுக்கின பனியனும், மேடைப் பேச்சாளர் தோரணையுமாக, யார் வந்தாலும் ஒரே பிரசங்கத்தைத்தான் அவிழ்ப்பார், ஊரில் ஒருத்தரும் அதை முழுசாகக் கேட்டது கிடையாது. அவளிடமும் கையை ஆட்டி அவிழ்த்தார்.

"தராசுக்கு என்னக்கா தெரியும்? அதுக்குக் கொளுப்பும் ஒண்ணு, சதையும் ஒண்ணு. பட்டினி கெடந்தா ரெண்டும் சேந்து போகும். வேல குடுக்காத சதைய ஒடம்பு எதுக்கு வச்சிருக்கும்? வீட்டுல சும்மா கெடக்குற கட்டில விறகுக்கு ஒடைக்கிற மாதிரி ஒடச்சுப்புடும். அதனால மெதுவாக் கொறைக்கணும். முட்ட, பயறு, மீனு, கறின்னு சாப்பிடணும். கனமாத் தூக்கணும். நல்லாத் தூங்கணும். கொளுப்பு போகணும், சத நிக்கணும்! அதுதானே அக்கா வித்த!"

"நாக்கு சதையா மாஸ்டர்?" என்று கேட்டாள் பேச்சி.

மாஸ்டர் அசந்துபோனார். அவர் பிரசங்கத்தில் கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான். "சுத்தச் சதக்கா. நடுவுல எலும்பே கெடையாது" என்றார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் கோழி அடித்திருந்தார்கள். செல்லக்கனியும் மகனும் சாப்பிட வந்திருந்தார்கள். அந்த வீட்டில் கறி என்றால் சதைத் துண்டெல்லாம் ஆம்பளைகளுக்கு, கழுத்தும் எலும்பும் வந்தவர்களுக்கு, சட்டியை வழித்த குழம்பு பேச்சிக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான், அது ஒரு குறையாகக்கூட யாருக்கும் தோன்றியதில்லை. பேச்சி சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். ஈரல் ஒன்று, நெஞ்சுக்கறி இரண்டு, அவித்த முட்டை இரண்டு என்று தன் தட்டில் எடுத்து வைத்து, மகள் தட்டிலும் வைத்து, உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள்.

"ஏத்தா! கஞ்சின்னுல்ல சொன்னேன்? என்ன காரியம் பண்ற நீயி?" என்று செல்லக்கனி எழுந்தே விட்டாள்.

பேச்சி மென்றுகொண்டே தன் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்துக் காட்டினாள். அநாவசியமாக வாய் திறக்கக்கூடாது என்பது மதினி போட்ட கட்டளை அல்லவா? பதில் சொல்ல முடியாத ஒருத்தியோடு எப்படிச் சண்டை போடுவது என்று செல்லக்கனிக்குப் பிடிபடவில்லை. குபேந்திரன் வெறும் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.

தின்றால் மட்டும் போதுமா, நாக்குக்கு வேலை வேண்டுமே. வீட்டில் பேசத் தடை. பேச்சி ஜிம்மைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரத்தில் ஊரின் மொத்தத் திமிரும் மூடி போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தது. இதைவிடக் கனமான எடை எங்கே கிடைக்கும்? கையில் இரும்பைத் தூக்கி இறக்கிக்கொண்டே கொம்பையாவின் தூக்கு மூடியை முதலில் திறந்தாள்.

"ஏய், நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? ரெண்டு லிட்டர் தூக்கு."

"ஒரு போன் போட்டேன்னா..."

"போடும், போடும். டயல் பண்ண வெரல் இருக்கான்னு பாத்துட்டுப் போடும்."

பக்கத்தில் இருந்த ஹெட்மாஸ்டர் தூக்கு, மூடியைத் தானே நகர்த்திக்கொண்டு, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மேப்படிப்பு? அந்தக் காலத்துல..." என்று ஆரம்பித்தது.

"அந்தக் காலத்துல நீரு பாடம் நடத்துன லட்சணத்துலதான் ஊரே கொளுப்புன்னு சொல்லிக்கிட்டுத் திரியுது" என்றாள் பேச்சி. சொல்லி முடித்ததும் தன் வாயில் வந்த ள தன் காதிலேயே விழுந்து, பல்லைக் கடித்து, நாக்கை மடித்து, இரும்பைத் தூக்கித் திரும்பச் சொன்னாள். கொளுப்பு. கொள்ளுப்பு. கொழ்... கொழுப்பு! நாக்கு நடுங்கி நடுங்கி மடங்கியது. அன்றிலிருந்து தினமும் அதுதான் அவளுக்குப் பயிற்சி. ரைஸ்மில் தூக்கு முதல் நாள் காறித் துப்பினாற்போல் பேசியது, நாலாம் நாள் திக்கியது, பத்தாம் நாள் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே, "அந்தம்மா வர்றாங்க, மூடியப் போடுங்கப்பா" என்று கெஞ்சியது. கொஞ்ச நாளில் லேடீஸ் பேட்சில் மற்ற பெண்களும் ஆளுக்கொரு தூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். டேனியல் மாஸ்டர் தன் பிரசங்கத்தில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டு, முழுக்கத் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லித் திரிந்தார்.

ஆனாலும் பேச்சிக்குப் பயம் விடவில்லை. தூக்குகளோடு பேசுவது வேறு, சபையில் பேசுவது வேறு. தன் தூக்கு நாளுக்கு நாள் நிறைந்துகொண்டுதானே போகிறது? ஊரெல்லாம் உருகி உருகித் திமிர் இல்லாமல் போனார்கள். தன்னிடமிருந்து இறங்குவது மட்டும் வேறு எதுவாக இருக்கும் என்று நினைத்து நினைத்துச் சோற்றுக்கை நடுவில் நின்றுபோகும். மகள் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி சாப்பிடுவாள்.

ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். தவசி வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் என்றால் அவர்கள் ஓரமாகவும் அவர்கள் தூக்குகள் நடுவிலும். விசேஷ வீடுகளில் அதுதான் அப்போதைய முறை. செல்லக்கனி பட்டுப் புடவை, பூ, பழம் வைத்த தட்டோடு வந்தாள். குபேந்திரன் தன் தலைமுடியை போனில் பார்த்துக்கொண்டிருந்தான். யாழினி அழுது வீங்கின கண்ணோடு உள்ரூம் கதவோரம் நின்றாள். பெண் வீட்டுத் தட்டைப் பேச்சி ஏந்தி நின்றாள்; தேங்காயும் வாழைத்தாரும் நிறைந்த தட்டு, அவள் கை ஒரு இம்மி இறங்கவில்லை.

"பெத்தவ சம்மதம் சொல்லட்டும்" என்றார் பூசாரி.

பேச்சி வாயைத் திறப்பதற்குள் செல்லக்கனி குறுக்கே விழுந்தாள். வெற்றியை ருசி பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. பின்னாலிருந்து துணி கட்டிய தூக்கை எடுத்து நடுவில் வைத்தாள். "அவ என்னத்தச் சொல்லப் போறா? அவ வாயி பூராம் இதுக்குள்ளல்ல இருக்கு. ஊரே ஒருதரம் கேட்டுச் சிரிக்கட்டும், அப்பறம் தட்ட மாத்துவோம்" என்று மைதாப் பசையைச் சுரண்டினாள். கூடத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்தத் தயாரானார்கள். கொம்பையாவின் தூக்கு லேசாகப் பின்வாங்கியது.

மூடி திறந்தது.

"சரிங்க" என்றது தூக்கு.

பேச்சியின் குரல்தான். ஆனால் அந்தக் கூடத்தில் தவசியைத் தவிர ஒருத்தரும் கேட்டிராத, அடுப்படிப் புகையில் கம்மின மாதிரி ஒரு சின்னக் குரல். "சரிங்க... பரவால்லங்க... நீங்க மொதல்ல சாப்பிடுங்க, எனக்குக் கொழம்பு போதும்... நான் எங்கயும் போகலீங்க... எங்கம்மா வீட்டுக்கு அடுத்த வருசம் போய்க்கிறேங்க... மதினி சொன்னாச் சரியாத்தாங்க இருக்கும்... எனக்கு ஒண்ணும் வலிக்கலீங்க... உங்க இஷ்டங்க..." அது நிற்கவே இல்லை. இருபது வருஷமாக அவள் எதிர்ப்பை விழுங்கிச் சொன்ன ஒவ்வொரு சரிங்கவும், சொன்ன நாளில் இருந்த அதே தொனியில், வரிசையாக வெளியே வந்தது. தவசி ஜமுக்காளத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவ்வளவும் அவருக்குச் சொன்ன பதில்கள், ஒவ்வொன்றும் எந்த நாளில் என்பது அவருக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

பேச்சி தன் கொழுப்பைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை வந்தது, அப்புறம் கோபம் வந்தது, கடைசியில், அட, இதையா இத்தனை நாள் சுமந்துகொண்டு மூட்டுவலி மூட்டுவலி என்று அலைந்தோம் என்று சிரிப்பே வந்துவிட்டது.

"எனக்குச் சம்மதம் இல்ல" என்றாள். கூடத்தின் கடைசி மூலை வரைக்கும் கேட்டது. "யாழினி மதுரைக்குப் படிக்கப் போறா. வந்தவுக வாழைப்பழம் எடுத்துக்கிட்டுக் கெளம்பலாம்."

அத்தனை ழவும் நெட்டுக்குத்தலாக வந்து நின்றது. கதவோரத்தில் யாழினி வாயைப் பொத்திக்கொண்டாள். நடுவில் இருந்த தூக்குகள் ஒவ்வொன்றாகத் தங்கள் மூடியை இழுத்துப் போட்டுக்கொண்டன.

"எலும்பும் தோலுமா எளச்சும் இந்த வாய்க்கொளுப்பு அடங்கலையே!" என்று செல்லக்கனி மாரில் அடித்துக்கொண்டாள்.

"கொழுப்பு அந்தா இருக்கு மதினி, ஒங்க முன்னாடி" என்றாள் பேச்சி. "இது சத."

சொல்லிவிட்டுத் தன் தட்டிலிருந்த தேங்காயையும் வாழைத்தாரையும் எடுத்துக் கீழே வைத்தாள். தன் பேர் வெட்டிய தூக்கை மட்டும் தட்டின் நடுவில் வைத்து, குங்குமம் எடுத்து அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, மதினியின் கையில் கொடுத்தாள்.

"ஒங்க மகனுக்கு இதக் கட்டி வைங்க. நீங்க தேடுன மருமக இதுதான். எதுத்து ஒரு வார்த்த பேசாது, கொழம்பு போதும்னு சொல்லும். என்னத்தா, ஒனக்குச் சம்மதமா?"

தூக்கு கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"உங்க இஷ்டங்க" என்றது.